ஏப்பக் கணக்கு

என் வேலை மாடுகளின் ஏப்பத்தை எண்ணுவது.
சிரிக்கலாம். கொழுந்தனின் கல்யாணத்தில்
பெயரைச் சொல்லாமல், "எங்கள் ஏப்பக்காரி" என்றே
என்னை அறிமுகம் செய்தார்கள்.

மொந்தேவிதேயோ. துறைமுகம் பார்த்த நாலாம் மாடி,
ஜன்னல் சரியாகச் சாத்தாத அறை.
இந்த நாட்டில் ஆளுக்கு மூன்று மாடு, கொஞ்சம் கூடவே.
அவை மென்று, அசைபோட்டு, வானத்துக்கு அனுப்புவதை
டன் கணக்கில் அட்டவணையில் ஏற்றுகிறேன்.
பொதுப்பணத்தை ஏப்பம் விடுகிறவர்களுக்கு
வேறு இலாகா.
அங்கே ஆள் போதவில்லை என்று கேள்வி.

போன வாரம் போன் நகரிலிருந்து ஒரு படிவம் வந்தது.
கேள்வி பதினேழு:
ஒப்பந்தத்தை உங்கள் நாடு ஏன் நடைமுறைப்படுத்துகிறது?
மீறினால் சிறை இல்லை. அபராதம் இல்லை.
போர்க்கப்பல் வந்து துறைமுகத்தை மறிக்கப்போவதுமில்லை.
பின் ஏன்?
பதிலுக்கு ஒரு பெட்டி. இருநூறு எழுத்து கொள்ளும்.

நிதித்துறை ஒலாஸ்கோவாகாவைக் கேட்டேன்.
"வட்டி" என்றார், தட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.
"சொன்னதைச் செய்தால் கடன்பத்திரத்தில் கால் சதவீதம் குறையும்."
வெளியுறவில் இருக்கும் மிர்த்தா சொன்னாள்:
"இருபுறமும் பெரிய உடம்புக்காரர்கள் உட்கார்ந்த பெஞ்சு நேலிடா.
நடுவில் ஒடுங்கியிருக்கும் நமக்கு
சொன்ன சொல்லைத் தவிர வேறு முழங்கை ஏது?"
தக்குவாரெம்போவில் மாடு வளர்க்கும் வாஷிங்டன் பிரிஸ்
(சத்தியமாக அதுதான் பெயர், இங்கே அப்படி வைப்பார்கள்)
போனில் கத்தினார்:
"ரோட்டர்டாமில் வாங்குகிறவன் சான்றிதழ் கேட்கிறான்.
உங்கள் ஒப்பந்தத்தை நான் கண்டேனா!"

குழாயில் உப்புத் தண்ணீர் வந்த குளிர்காலத்தை எழுதலாமா?
அணை தரை தட்டி, முகத்துவாரத்து நீரைக்
கலந்து விட்டார்கள்.
மாத்தே கடலாய்க் கரித்தது.
சோப்பு நுரைக்க மறுத்தது.
பால்புட்டிக்குத் தண்ணீர் வாங்க
கைக்குழந்தையோடு வரிசையில் நின்றேன்.
உருக்கமான பதில். ஆனால் பொய்.
கையெழுத்து அதற்கு ஏழு வருடம் முன்பே ஆகிவிட்டது.

அந்த வருடத்துக் கணக்கை முடித்தபோது
கோடு சட்டென்று இறங்கியது.
துணை அமைச்சர் லிஃப்டுக்குக் காத்திராமல்
படியேறியே வந்துவிட்டார்.
"இலக்கைத் தாண்டிவிட்டோமே!"
எனக்கு வடக்கிலிருந்து வந்த படங்கள் ஞாபகம்.
வற்றிய குளத்தின் சேற்றில்
முழங்கால் புதைந்து, நின்றபடியே செத்த கிடாரிகள்.
மற்றவை வந்த விலைக்குக் கசாப்புக்குப் போயின.
செத்த மாடு ஏப்பம் விடாது.
அட்டவணைக்கு அதுவும் சாதனை.

அன்றிரவு விளக்கணைக்கக் காவலாளி இரண்டு முறை வந்தான்.
அடிக்குறிப்பு ஆறாக எழுதினேன்:
இந்தக் குறைவு நாங்கள் குறைத்ததன்று. வறட்சி குறைத்தது.

ஒலாஸ்கோவாகா வட்டியை மறுபடி கணக்குப் போட்டார்,
ஒரு வாரம் எனக்கு வணக்கம் சொல்லாமல்.
துணை அமைச்சர் அப்புறம் லிஃப்டில்தான் வந்தார்.
வரியை அடிக்கச் சொல்வார்கள் என்று
மூன்று நாள் காத்திருந்தேன்.
நாலாம் நாள் கோப்பு திரும்பியது, முத்திரையோடு.
ஒரே ஒரு காற்புள்ளி திருத்தியிருந்தது.

மானமா, பயமா,
போனில் எவனாவது கண்டுபிடித்துவிடுவான் என்ற எண்ணமா,
காற்புள்ளியைத் தவிர எதையும் படிக்காத கண்ணா,
தெரியவில்லை.
கேட்கவும் இல்லை; கேட்டால்
அந்த வரி போய்விடுமோ என்றிருந்தது.

படிவத்துக்கு இன்று கடைசி நாள்.
பெட்டியில் "வட்டி" என்று எழுதினேன்.
மூன்றெழுத்து. நூற்றுத் தொண்ணூற்றேழு மிச்சம்.
"அடிக்குறிப்பு ஆறைப் பார்க்கவும்" என்று சேர்த்தேன்.
இன்னும் இடம் இருக்கிறது.

சாத்தாத ஜன்னல் வழியே சாண வாடை.
கீழே கால்நடைக் கப்பல் ஒன்று
புறப்படப்போவதாக ஊதுகிறது.
எத்தனை தலை ஏறியது என்று துறைமுகத்தைக் கேட்கவேண்டும்.
கரை தாண்டிய பின், நடுக்கடலில்,
அவை விடும் ஏப்பம் யார் கணக்கு?